பசுவின் மேல் ஒரு கொட்டைகூட இல்லை

ஃபீன்பூர்ட், ஃப்ரீஸ்லாந்து
மார்ச் 3

ஐரோப்பாவை அளந்து முடித்துவிட்டு எங்கள் சேற்றை அளக்க இறங்கியிருக்கும் மகாபண்டிதை சீட்ஸ்கேவுக்கு, பசுக்களின் ஏக சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா ஆசியுடன் எழுதுவது.

நலம். மூன்று மாதமாய் நீ ஒரு வரி எழுதாததை யாரிடமும் சொல்லவில்லை, தபால்காரரையும் பாதிரியாரையும் தவிர.

உன் ஆராய்ச்சிக் கூட்டாளிகள் வந்தார்கள். மண்டபத்தில், பசு, பறவை, வாய்க்கால் எல்லாம் படமாய்ப் போட்ட ஊர் வரைபடத்தை யானை படுக்கும் அளவுக்கு விரித்து, ஆளுக்குப் பத்து அவரைக்கொட்டை கொடுத்து, "இந்த நிலத்துல எது ஒசத்தியோ அது மேல வைங்க" என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? காபி நேரத்தில் ஊரையே மூலைக்கு ஓட்டிப்போனேன்: "படிச்சவங்களுக்குப் பறவைன்னா உசுரு. எல்லாரும் உள்ளான் குருவி கூடு கட்டுற இடத்துல வைங்க. பூரிச்சுப்போய் நம்மள நிம்மதியா விட்டுடுவாங்க."

பக்கத்துப் பண்ணை டௌவா, "பசு மேல ஒண்ணாவது வைக்கட்டுமா வீப்ரா?" என்று கெஞ்சினான். "பேராசக்காரன்னு எழுதிடுவாங்க, சும்மா இருடா" என்றேன்.

கொட்டைக் குவியல் எழுந்த எழுச்சியில், மேலே போன விமானம் சற்று விலகிப் போனது.

உன் பெருமைமிகு சித்தப்பா,
வீப்ரன்


உட்ரெக்ட்
ஏப்ரல் 9

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். சிரித்துக்கொண்டே படித்தேன், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. இருநூற்றுப் பத்துக் கொட்டையில் பசுவுக்கு ஒன்றுகூட இல்லை. அதை நம்பி, "ஊரார் மாட்டைவிடப் பறவையை மதிக்கிறார்கள், ஈரநிலப் பறவைக்காக வாய்க்கால் நீரை ஒரு முழம் உயர்த்த அவர்களுக்குச் சம்மதம்" என்று அறிக்கை எழுதிவிட்டோம். மே பதினைந்தில் அது, நீர்மட்டத்தை முடிவு செய்யும் நீர் வாரியத்துக்குப் போகிறது. உயர்ந்தால் புல்வெளி ஊறிவிடும். உங்கள் பசு கால் வைக்க முடியாது.

என் தப்பும் உண்டு. சொந்த ஊர், யார் பக்கமும் சாயக் கூடாது என்று கூட்டத்துக்கு வராமல் இருந்தேன். ஆனால் நீரை உயர்த்துவதுதான் சரி என்று முதலிலிருந்தே நினைக்கிறேன். இல்லாவிட்டால் மண் வற்றி, தாழ்ந்துகொண்டேதான் போகும். எனக்குப் பிடித்த பதில் வந்ததால், ஒரு கொட்டையைக்கூட நான் சந்தேகப்படவில்லை.

சீட்ஸ்கே


ஃபீன்பூர்ட்
ஏப்ரல் 13

என் கண்ணே, என் குலவிளக்கே,

உன் கடிதம் படித்ததிலிருந்து நான் ஏழு தடவை செத்துப் பிழைத்துவிட்டேன். பசுக்கள் என் முகத்தைப் பார்க்க மறுக்கின்றன.

வழி மிக எளிது. நூறு கொட்டையை மெல்ல எடுத்துப் பசுவின் மேல் வைத்துவிடு. யாருக்குத் தெரியப்போகிறது?

கலங்கிய சக்கரவர்த்தி,
வீப்ரன்


உட்ரெக்ட்
ஏப்ரல் 18

சித்தப்பா,

ஒரு கொட்டையையும் நகர்த்த மாட்டேன். நீங்கள் செய்ததையே நானும் செய்வதா?

அந்தக் கூட்டம் செல்லாது என்று முதல் பக்கத்தில் எழுதப்போகிறேன். நான் ஏன் ஏமாந்தேன் என்பதும் அங்கேயே இருக்கும். "அதெல்லாம் எதுக்கும்மா, நம்ம மானம் போகுமே" என்கிறார் எங்கள் பேராசிரியர். போகட்டும்.

ஆனால் செல்லாது என்று மட்டும் சொன்னால், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது எங்கும் இருக்காது. வாரியம் தன் இஷ்டப்படி முடிவு செய்யும். நீங்களே எழுதுங்கள், விமானம், யானை எதுவும் இல்லாமல். அப்படியே சேர்க்கிறேன்.

சீட்ஸ்கே


ஃபீன்பூர்ட்
மே 2

சீட்ஸ்கே,

எட்டு நாளாய் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பசுக்கள்தான் வேண்டும். கறப்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதை மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது.

மண் தாழ்வதும் உண்மை. உன் அப்பாவும் நானும் சிறுவர்களாய் இருந்தபோது வாசலுக்கு ஒரே படி. வீடு மரத்தூண்கள் மேல் அப்படியே நிற்க, சுற்றிலும் மண் மட்டும் இறங்கி இப்போது நான்கு. கடைசிப் படியைச் சென்ற மாதம்தான் கட்டினேன், உன்னிடம் மறைத்தேன்.

கீழ்வயலில் நீரை ஏற்றட்டும். மேல்வயலில் இன்னும் பத்து வருஷம் பசு நிற்கட்டும். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

டௌவாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனும் எழுதுகிறான், மற்றவர்களும்.

என் பெயரோடு போடு. உன் எண்ணத்தையும் அதே பக்கத்தில் போடு. பத்து வருஷம் அதிகம் என்றுதான் நீ சொல்வாய், தெரியும். வாரியத்தில் எழுந்து உன்னை மறுத்துத்தான் பேசுவேன். முடிந்ததும் வேறெங்கும் போகாதே, சாப்பிட இங்கே வா.

வீப்ரன்