ஸ்கோரை இரண்டு முறை கேட்ட ரீட்டா

1997 ஆகஸ்ட், சனி இரவு

ரீட்டாவுக்கு நினைவு இருக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்கிறாள். பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அவள் அண்ணன் சேவியர் போனில் சொன்னது.

மாலை பெண்கள் ஹாக்கி அரையிறுதி. முப்பத்தோராவது நிமிடத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கை ரீட்டாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தவள் எழுந்து கடைசிவரை ஆடினாள். முடிந்ததும் பத்திரிகைக்காக அவளைப் பேட்டி எடுக்கப் போனேன்.

"சார், ஸ்கோர் என்னா?"

"ரெண்டு ஒண்ணு. ரெண்டாவது நீ போட்டதுதானம்மா."

சிரித்தாள். ஷூவைக் கழற்றினாள். "சார், ஸ்கோர் என்னா?"

"ஜெயிச்ச குஷி சார், கலாய்க்கிறா. நாளைக்கு பைனல்ல பாருங்க," என்றார் பயிற்சியாளர். நானும் சிரித்தேன். 'அடிபட்டும் அசராத ரீட்டா' என்று எழுதி அனுப்பினேன்.

எட்டரைக்கு அவள் வயதைச் சரிபார்க்க வீட்டுக்குப் போன் செய்தேன். சேவியர் எடுத்தான். "தூங்குறா சார். ரெண்டு வாட்டி வாந்தி. பேல்பூரி தின்னா, அதான்."

அந்த முழங்கை இடி அப்போதுதான் உறைத்தது. "எழுப்பி இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா."

அங்கிருந்து டாக்டர் பேசினார். எப்போது அடி, எப்போதிருந்து மறதி என்று கேட்டார். குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். 5.20, மறுபடி ஸ்கோர் கேட்டாள். பக்கத்தில் 'கிண்டல்' என்று நானே எழுதியிருந்தேன்.

செய்தியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இப்போதைக்கு ஆடவே கூடாது என்கிறார் டாக்டர். பயிற்சியாளரிடம் சொன்னேன். "பாக்கலாம் சார்," என்றார்.

ஸ்கேன் முடிவு காலை ஏழுக்கு. பைனலுக்கான அணிப் பட்டியல் மதியம் மூன்றுக்கு.