சாமான் அறைத் திறப்பு

ஒக்டோபர் 12, ஞாயிறு இரவு

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லோரோடும் கோப்பி குடிக்கும்போது என் கணவர் மறுபடியும், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த புதிதில் மதுக்கடை நடத்திய அந்த வடக்குச் சுரங்க ஊரின் கதையை எடுத்தார்.

"பொலிஸ் வர மூண்டு மணித்தியாலம் ஆகும். எங்கட தவறணைதான் அங்க வழக்குத் தீர்க்கிற கோடு, கோயில் எல்லாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சுரங்கம் திறந்த வருடமே முளைத்த ஊர். சுரங்கம் மூடியதும் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு எல்லோரும் போய்விட்டோம். அதைச் சொல்லும்போது மட்டும் இவருக்குக் கண் கலங்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சனிக்கிழமை இரவில நான் எங்க படுத்தனான் எண்டதையும் சொல்லுங்கோவன்."

அவர் தொடங்குமுன் நானே சொன்னேன். "சாமான் அறையில, மா மூட்டைக்கு மேல. வெறிகாரர் கதவை உடைக்கிற மாதிரித் தட்டுவாங்கள்."

மெட்ரோவில் இவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனப்பா, எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

சொன்னேன். அங்கே முதல் சனிக்கிழமையே அழுதழுது சொன்னேன். "வாற சனத்தைப் பகைக்க ஏலாது, நீர் உள்ளுக்குப் பூட்டிக்கொண்டு படும்" என்று அந்த அறைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்தவரே இவர்தான்.

அதை நினைவுபடுத்தினால், மறந்துபோனாராம். பக்கத்தில் குறட்டை விடுகிறார். திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.