பாறைக்கு அந்தப் பக்கம்

மச்சாள்,

போன கிழமை உங்கள் மூத்தவன் சுதன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனான். லண்டன் எட்மண்டனில் உங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் போகிறார்கள். உங்கள் அலுமாரியை ஒழிக்கும்போது எறிய மனம் வராதவற்றை எல்லாம் அதில் போட்டு, மாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஹரோவுக்கு, என்னிடம் கொண்டுவந்திருக்கிறான். இரண்டு கம்பளிச் சட்டைகள், ஒரு கைப்பை, முறுக்கு உரல். அடியில் சுருட்டிய ஒரு கடைப் பை. அதைப் பிரித்ததும் ரப்பர் மணம் குப்பென்று வந்தது. மலேசியாவில் நீங்கள் வாங்கிய, கடலுக்குள் பார்க்கிற கண்ணாடி. அதோடு வாயில் கவ்வுகிற செம்மஞ்சள் குழாய்.

அன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்து, என் மனுசனை, உங்கள் தம்பியை, டயலிசிஸிலிருந்து கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. இப்போது எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், மச்சாள். பிறந்தநாளுக்கு எத்தனை வடை சுடுவது, கவுன்சில் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது, ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது. நீங்கள் இருக்கும்வரை இதெல்லாம் உங்களுக்கு வந்த அழைப்புகள்.

அந்தக் கலியாணத்துக்கு நாங்கள் போய் ஏழு வருடம். உங்கள் ஒன்றுவிட்ட அண்ணையின் மகளுக்குக் கோலாலம்பூரில் கலியாணம். உங்கள் தம்பிக்கு லீவு முடிந்து அவர் முதலில் திரும்பிவிட்டார். எங்கள் இருவருக்கும் இன்னும் நான்கு நாள் இருந்தது. அண்ணையின் மனைவிதான், இரண்டு பொம்பிளையளும் ஒருக்கா ஆறுதலாய் இருந்துவிட்டு வாங்கோ என்று ஒரு தீவுக்கு அனுப்பிவைத்தார். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் உடனே ஓம் என்றீர்கள். நீங்கள் உங்களுக்காக எதற்கும் அவ்வளவு கெதியாய் ஓம் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கே போன பிறகுதான் உங்களுக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்குத் தெரியவந்தது. முழங்கால் நோவுக்கு டொக்டர் சொன்னதால், எட்மண்டனில் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போகத் தொடங்கினீர்களாம். பள்ளிக்கூடக் குசினியில் வேலை முடிந்ததும் நேரே அங்கே. இரண்டு வருடமாக. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் அந்த நேரத்துக்கும் ஒரு வேலை வந்திடும்," என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

மச்சான் இறந்தபோது உங்களுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பெடியன்களையும் வளர்த்து, படுக்கையில் கிடந்த மாமியாரைப் பதினொரு வருடம் பார்த்து, இங்கே வந்திறங்கிய எங்கள் ஒவ்வொருவருக்கும் முதல் அறையை உங்கள் வீட்டில் கொடுத்தீர்கள். நானும் கலியாணம் முடித்து வந்து உங்கள் வீட்டு மேலறையில்தான் எட்டு மாதம் இருந்தேன். அதனால்தானோ என்னவோ, உங்களை ஒரு வீடு மாதிரியே நினைத்துப் பழகிவிட்டேன். எப்போது போனாலும் அங்கேயே நிற்கும் என்று.

இரண்டாம் நாள் காலை படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு தீவின் பின்பக்கம் போனார். அரை மணித்தியாலம். அங்கே கடை இல்லை, வீடு இல்லை, வேறு ஆட்களும் இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கரை, அவ்வளவுதான். தண்ணீர் அடி தெரிகிற மாதிரி இருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் வருகிறேன் என்று விரலைக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார். நான் ஒரு மரத்தடியில் துவாயை விரித்து இருந்தேன். என் ஃபோனுக்கு சிக்னல் இல்லாதது எனக்கு ஒரு கை இல்லாத மாதிரி இருந்தது. நீங்கள் உங்கள் ஃபோனை அணைத்து என் பையில் போட்டுவிட்டு, நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினீர்கள்.

"நீர் இரும் வசந்தி. நான் வாறன்."

முகத்தைக் கவிழ்த்து நீங்கள் மிதந்தீர்கள். கையைக் காலை அடிக்கவில்லை. குழாய் மட்டும் மேலே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பிஸ்கட் எடுக்கப் பைக்குள் குனிந்தேன். மரத்தில் சாய்ந்தபடி கண்ணையும் மூடியிருப்பேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது குழாய் இல்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. கரை முழுக்க ஓடினேன். உடைந்த பவளக்கல் குத்திப் பாதம் கிழிந்தது. மச்சாள், மச்சாள் என்று தொண்டை அடைக்கும்வரை கத்தினேன். கடல் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே அப்படி. உங்கள் பெடியன்களுக்கு ஃபோனில் எந்தச் சொல்லை முதலில் சொல்வது என்று நினைத்துப் பார்த்துவிட்டேன். படகு திரும்பி வந்தது. படகுக்காரருக்குக் கையால் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது, இடப்பக்கத்துப் பாறைக்கு மேலால் நீங்கள் நடந்து வந்தீர்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஈரத் தலைமயிரோடு, ஆறுதலாக.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. யாரோ புது மனுசி மாதிரி இருந்தீர்கள். கிட்ட வந்து, என் அழுகையைக் கவனிக்காமலே, மெதுவாகச் சொன்னீர்கள்:

"வசந்தி, எனக்கு அங்க ஒருத்தரின்ர நினைப்பும் வரேல்லை. பிள்ளையளின்ர நினைப்புக்கூட வரேல்லை."

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கும் மறந்திருக்காது. "உங்களுக்கு அறுபது வயசாகுது. செத்துப் போயிருந்தால் நான் உங்கட பிள்ளையளுக்கு என்னெண்டு முகத்தைக் காட்டுறது? கொஞ்சமாவது பொறுப்பு இருக்கோ?"

பொறுப்பு இருக்கிறதா என்று உங்களைப் பார்த்துக் கேட்டேன். உங்களை. என் பாதத்தில் இரத்தத்தைக் கண்டதும் குனிந்து, துவாயால் சுற்றிக் கட்டினீர்கள். நிமிர்ந்தபோது பழைய மச்சாள் திரும்பி வந்துவிட்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. லண்டனுக்கு வந்து இரண்டு கிழமையில் உங்கள் பேத்தியின் பிறந்தநாள். கூடம் நிறைய ஆட்கள். மலேசியா எப்படி என்று யாரோ கேட்டார்கள். நான் கதையைத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. நீங்கள் தாழத் தொடங்கினீர்கள் என்றும், படகுக்காரர் பாய்ந்துபோய் இழுத்துக்கொண்டு வந்தார் என்றும் சொன்னேன். எல்லாரும் நெஞ்சில் கை வைத்தார்கள். நீங்கள் வடைத் தட்டோடு வாசலில் நின்றீர்கள். முழுவதும் கேட்டீர்கள். என்னை ஒருதரம் பார்த்தீர்கள். பிறகு தட்டை அடுத்த ஆளுக்கு நீட்டினீர்கள்.

பயத்தில் சொன்னேன் என்றுதான் நெடுநாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது களைப்பு பொய் சொல்லவும் விடுவதில்லை. எனக்கு எரிச்சல் வந்தது, மச்சாள். ஒருவரின் நினைப்பும் வராத இடம் ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது, நான் கரையில் பையைக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல்தான்.

அடுத்த மாசிக்குத் தனியே அந்தத் தீவுக்குப் போக நீங்கள் டிக்கெட் எடுத்திருந்தது சுதனுக்குத் தெரியவந்தது. தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். நீங்கள்தான் கூட இருந்தனீங்கள் மாமி, அம்மா போகலாமா என்று கேட்டான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். விடாதேங்கோ என்றேன்.

நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. எனக்கு ஃபோன் எடுத்து, சுகம் விசாரித்து, கடைசியில்தான் சொன்னீர்கள்: "பரவாயில்லை வசந்தி. பிள்ளையள் பயப்பிடுகினம்." அதோடு நீச்சல் குளமும் நின்றுபோனது. முழங்கால் நோ கூடியது. அதன்பிறகு ஆறு வருடம் உங்கள் ஃபோன் ஒருநாளும் அணைந்திருக்கவில்லை. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள். அப்போதும் கையில் ஃபோன் இருந்ததாம்.

நேற்று உங்கள் ஆண்டுத் திவசம். எல்லாம் முடிந்து, சுதன் என்னைக் காரில் ஹரோவுக்குக் கொண்டுவந்து விட்டான். நோர்த் சேர்குலர் வீதியில் வழக்கம்போல வாகனங்கள் நகரவில்லை. அவன் வீதியைப் பார்த்தபடி சொன்னான்:

"மாமி, நான் உங்களுக்கு ஒருநாளும் தாங்ஸ் சொல்லேல்லை. நீங்கள் அண்டைக்கு மறிச்சபடியால்தான் அம்மா எங்களோட இவ்வளவு காலம் இருந்தவ."

பேசாமல் இருந்துவிட்டால் கதை அப்படியே நின்றிருக்கும். நன்றியும் எனக்கே மிஞ்சியிருக்கும். ஆனால் அதையும் தூக்கிக்கொண்டு வீட்டுப் படி ஏற எனக்கு ஏலாது போலிருந்தது. சொன்னேன். உங்களை ஒருவரும் இழுத்துக்கொண்டு வரவில்லை, நீங்களாகவே நடந்து வந்தீர்கள், நான்தான் பொய் சொன்னேன் என்று. நீங்கள் பாறையிலிருந்து இறங்கி வந்து சொன்னதையும் சொன்னேன். பிள்ளைகளின் நினைப்புக்கூட வரவில்லை என்றதையும். அதைச் சொல்லும்போது பயமாக இருந்தது.

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. பின்னால் யாரோ ஹோர்ன் அடிக்கும்வரை அவன் காரை எடுக்கவில்லை. கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அம்மா சந்தோசமா இருந்தவவோ?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி."

"ஷீ நெவர் செட் எனிதிங்," என்றான் தனக்குள். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி என் பக்கம் திரும்பி, "அங்க அவ என்னத்தைப் பாத்தவ மாமி?"

வாயைத் திறந்தேன். மீன்கள் என்று சொல்ல வந்தேன். என்ன மீன்? பவளப்பாறை எந்த நிறம்? பாறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கரை இருந்ததா, அதில் ஏறி இருந்தீர்களா, இல்லை முழுநேரமும் மிதந்துகொண்டே இருந்தீர்களா? ஒன்றும் தெரியவில்லை.

"நான் கேக்கேல்லை," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். வீட்டு வாசலில் இறங்கும்போது, ஒவ்வொரு முறையும் செய்வதுபோல, கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். போனதும் டெக்ஸ்ட் போடுகிறேன் என்றான். இன்னும் போடவில்லை. போடுவான், உங்கள் பிள்ளைதானே.

உங்கள் மருந்துக் குளிசைகளின் பெயர்கள் இன்னும் எனக்குப் பாடம், மச்சாள். எந்த முழங்காலில் நோ முதலில் தொடங்கியது, எந்தக் கடையில் மீன் வாங்கமாட்டீர்கள், சாம்பாருக்குப் புளி எவ்வளவு விடுவீர்கள், எல்லாம் எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்வேன். அறுபது வருடத்தில் நீங்கள் உங்களுக்கென்று எடுத்துக்கொண்ட அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். ஆறு வருடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் குசினியில் உங்களுக்கு எதிரே இருந்து வெங்காயம் உரித்தேன்.