புரட்டாசியில் நீ வர வேண்டாம்

கச்சிராயபாளையம்
ஆவணி, வெள்ளிக்கிழமை

என் கண்ணு எழில்மதிக்கு ஆயா எழுதுவது.

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள்: உன் அப்பன் பொன்னுரங்கம், அம்மா மலர்விழி, தாய்மாமன் ஆதிமூலம், மணலூர்பேட்டையிலிருந்து பெண் கேட்டு வந்த பிரவீன்குமார், அவனைப் பெற்ற ராணியம்மாள், நான். நீ ஜெர்மனியிலிருந்து போனில் இருந்தாய். பிறகு யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக்கூடாது.

ராணியம்மாள் போன் கண்ணாடியில் உன் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்தாள். நீ சிரித்தாய், எனக்கு வயிறு குளிர்ந்தது. வேலை வந்துவிட்டதென்று நீ போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பொண்ணு இன்னா வேலை செய்யுதுன்னு அவள் கேட்டாள். "மேல மானத்துல ஓட்ட எம்மாம் பெருசுன்னு பாத்துக்கினு கீது. அத்த வுட்டுட்டு புரட்டாசியிலயே வந்துடும்" என்றான் உன் அப்பன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தாம்பூலத் தட்டையும் மாற்றிவிட்டான்.

நான் எழுந்து, அவர்கள் தட்டை அவர்கள் மடியிலேயே வைத்தேன். கெழவிக்கு மூள கலங்கிடுச்சின்னான் ஆதிமூலம். "ஆமாண்டா, உங்கக்காவ இந்த வூட்டுக்குக் கொண்டாந்தப்பவே கலங்கிடுச்சி" என்றேன். பிரவீன்குமார் மட்டும் சிரித்துவிட்டான். பையன் நல்லவன்தான்.

நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. வெயிலின் விஷத்தை வடிகட்டும் ஓசோன், தென்துருவத்துக்கு மேலே வருசா வருசம் புரட்டாசியில் மெலிந்து ஓட்டையாகும், கார்த்திகையில் மூடும். மாசக்கணக்கான இருட்டு கழிந்து அங்கே வெயில் திரும்பினால்தான், நீ ஓட்டையை அளக்கும் செயற்கைக்கோளுக்கே கண் தெரியும். பழைய பிரிட்ஜ் கேஸ் செய்த வினை. உலகமே சேர்ந்து அதை நிறுத்தியதால் மெல்ல ஆறுகிறது. முழுசாக ஆறும்போது உனக்கு என் வயசு ஆகியிருக்கும் என்றாய். அம்மை போட்ட பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டு யாராவது எழுந்து போவார்களா?

உன் அப்பனுக்கு இப்போது வேறு யோசனை. ஆயா சாகக் கிடக்கிறாள், உடனே வா என்று உன்னிடம் சொல்லப் போகிறான். மலர்விழியிடம் பேசியதைக் காதால் கேட்டேன். நம்பாதே. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எடுத்த நெஞ்சுப் படத்தை அனுப்பினாலும் கிளம்பாதே. படம் என்னுடையதுதான். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். கார்த்திகையில், அந்த ஓட்டை மூடியதைப் பார்த்துவிட்டு வா. இருப்பேன். இருக்கப் பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன்னையே நினைத்திருக்கும் ஆயா,
பெரியநாயகி

ராணியம்மாளை மன்னித்தாயிற்று, ஆதிமூலத்தையும். என் சாவைக் காட்டி உன்னைப் பிடித்திழுக்கப் பார்ப்பவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற பிள்ளை, பொன்னுரங்கம்.