நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கேட்ட வெடி

என் அன்பு அப்பாவுக்கு,

போர்வைக்குள் இருந்து, தொலைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். மேல் கட்டிலில் அக்கா நித்திரை. அவ புரளும்போது பலகை முனகும். உடனே வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் யாருக்கும் சொல்ல மாட்டீர்கள்.

முதலில் சின்னச் செய்தி. உங்களுடைய குதிரைப்படத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் போடுகிறார்கள். அதே பழைய அமெரிக்கத் தொடர், அதே தூசி, அதே ஜெர்மன் குரல்கள். "இந்தக் குதிரைகூட என்னைவிட நல்லா டொச் கதைக்குது" என்று நீங்கள் சொன்னதை நினைத்து அம்மா இன்னும் சிரிக்கிறா.

போன ஞாயிறு அந்தக் கதை வந்தது. வேலை தேடி வந்த மாட்டுக்காரனைப் பண்ணைக்காரரின் மகள் விரும்புவாளே, அது. அவனைச் சுட்டே தீருவேன் என்று அவளுடைய தமையன் திரிவான். கடைசியில் லாயத்து வாசலில் அவளும் மாட்டுக்காரனும் சந்திப்பார்கள். அவர்கள் கிட்ட வர வர, நீங்கள் தொண்டையைச் செருமுவீர்கள்.

"பிள்ளையள், அப்பாக்குத் தண்ணி கொண்டு வாங்கோ."

முத்தம் வந்தால் தண்ணீர். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அக்காவும் நானும் இடித்துக்கொண்டு குசினிக்கு ஓடுவோம். "அப்பாக்கு இண்டைக்கு நல்லா விடாய்க்குது, நல்ல படம் போல" என்று அக்கா குசுகுசுப்பா. கோப்பையோடு திரும்பும்போது வெடி கேட்டு முடிந்திருக்கும். அந்தப் பெண் மண்ணில் கிடப்பாள். அவனைச் சுட வந்த வெடி அவளுக்கு ஏன் பட்டது என்று கேட்டேன். "குறி தப்பிப் போச்சு, குட்டி" என்றீர்கள். இவ்வளவு காலமும் அதை நம்பியிருந்தேன்.

போன ஞாயிறு அந்த இடம் வந்ததும் அம்மா பழக்கத்தில், "பிள்ளை, தண்ணி..." என்று தொடங்கினா. பிறகு உங்கள் வெறும் கதிரையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டா. நான் எழும்பவில்லை.

அப்பா, குறி தப்பவில்லை. முத்தத்தின் நடுவில் அவள் கண்ணைத் திறக்கிறாள். அவன் தோளுக்கு மேலால், எதிர்க் கூரையில் தமையனின் துவக்கைக் காண்கிறாள். சத்தம் போடவில்லை. அவனை அணைத்தபடியே மெல்லச் சுற்றுகிறாள், நடனம் ஆடுவதுபோல. தன் முதுகைக் கூரைப் பக்கம் கொண்டுவருகிறாள். அதற்குப் பிறகுதான் வெடி.

"அந்தப் பெட்டைக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் அம்மா சொன்னா.

நீங்கள் அதைப் பார்த்திருந்தீர்களா? பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு அப்படிச் சொன்னீர்களா? அல்லது எங்களை அனுப்பிவிட்டு நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களா?

இனிப் பெரிய செய்தி. அக்கா ஒருவரை விரும்புகிறா. நாங்கள் வருசா வருசம் போகும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் சனத்துக்கு மோர் ஊற்றிக்கொண்டு நின்றவர். பெயர் நிரோஷன். மின்சார வேலை பழகுகிறார். நாய் என்றால் ஓடுவார். எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். சித்தப்பாவுக்கு இது தெரிய வந்தபோது இதெல்லாம் அவர் கேட்கவில்லை. தகப்பனின் ஊரைக் கேட்டார். பிறகு அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"அவை எங்கட ஆக்கள் இல்லை. அண்ணை இருந்திருந்தா வெட்டிப் போட்டிருப்பார்."

வெட்டியிருப்பீர்களா, அப்பா? கோழி வெட்டுவதற்கே அம்மாவைக் கூப்பிடுவீர்களே.

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லாததால் உங்களுக்குக் கொள்ளி வைத்தது சித்தப்பா. அன்றிலிருந்து, வீட்டுக்கு வந்தால் உங்கள் கதிரை அவருடையது. உங்கள் வாயும் அவருடையது. அம்மா எதிர்த்துக் கதைப்பதில்லை. "கொள்ளி வைச்ச மனுசன்" என்பா.

இன்று பள்ளிக்கூடம் விட்டபோது சித்தப்பா காரோடு வாசலில் நின்றார்.

"குட்டி, நாளைக்கு மத்தியானம் அக்கா ஸ்டேசனுக்குப் போவாள். நீயும் கூடப் போறாய்."

"ஏன் சித்தப்பா?"

"அவன் ரயிலால இறங்கேக்கை, அக்காவைக் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போ. நானும் என்ரை பெடியளும் அவனோடை ஒரு கதை கதைக்கவேணும்."

"என்ன கதை?"

சிரித்தார். "ரெண்டு காலாலை நடந்து வாறவன் எப்பிடித் திரும்பிப் போறான் எண்டு பாப்பம்." பிறகு சிரிப்பு நின்றது. "ஆருக்கும் வாய் திறந்தியோ, அக்காவை பிளேன் ஏத்தி ஊருக்கு அனுப்பிப் போடுவன். விளங்குதோ?"

"ஓம், சித்தப்பா."

பின் இருக்கையில் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. அதைத் துவாயில் சுற்றியிருந்தார். நீலக் கரை போட்ட துவாய். உங்களுடையது, அப்பா. உங்கள் உடுப்புகளை அம்மா அவரிடம்தான் கொடுத்தா.

அக்காவிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவ நாளைக்குப் போடும் சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்தா. வாயை மூடிக்கொண்டேன். நிரோஷனை வரவேண்டாம் என்று அக்கா சொல்லலாம். ஆனால் அவர் வேலை பழகும் இடம் சித்தப்பாவுக்குத் தெரியும். நாளை இல்லாவிட்டால் திங்கள். நான் சொல்லிவிட்டால், அன்று அக்கா அங்கே ஓடுவா. கத்தமாட்டா, அழமாட்டா. அவரைச் சுற்றித் திருப்பிவிட்டுத் தன் முதுகைக் கொடுப்பா. எனக்கு அக்காவைத் தெரியும்.

அந்தத் தொடரில் மாட்டுக்காரன் அடுத்த ஞாயிறு தனியாகக் குதிரையில் வருவான். போன கிழமை செத்தவளின் பெயரைக்கூடச் சொல்லமாட்டான். எங்களுக்கு அப்படி ஓர் அடுத்த ஞாயிறு இல்லை.

காலையில் பாண் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்வேன். பாண் கடையைத் தாண்டினால் பொலிஸ் நிலையம். சொல்ல வேண்டியதை டொச்சில் மனப்பாடம் பண்ணிவிட்டேன். காரின் நிறம், கம்பி, ரயில் வரும் நேரம், பிளேன் கதை, எல்லாம். கம்பியைச் சொல்லும் இடத்தில் மட்டும் நாக்குத் தடக்குகிறது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவரைப் பிடித்துக் கொடுத்தவள் என்று சனம் சொல்லும். அம்மா என்னோடு கதைக்காமலே விடலாம். நீங்களும் கோவிப்பீர்களா?

என்றாலும் ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்த இடம் வரும்போது நான் குசினிக்கு ஓடமாட்டேன். போகமுதல் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீர் வைப்பேன். நீங்கள் குடியுங்கோ, அப்பா. நான் பார்க்கிறேன்.

இந்த முறை எழும்பாமல் இருந்த,
உங்கட சின்ன மகள்
குட்டி