படகுப் பானைத் தண்ணீர்

அக்கா, போன வாரம் என் வயிற்றில் சில்லென்று ஒரு பசையைத் தடவினார்கள். பொன்னேரியில் ஒரு ஸ்கேன் சென்டர். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் வயதில் ஒரு பெண் கருவியை விலா எலும்புக்குக் கீழே அழுத்திக்கொண்டு, "மூச்ச இழுத்துப் பிடிங்க டீச்சர்... இப்ப விடுங்க" என்றாள். அதைக் கேட்டதும் என் நினைவில் நீங்கள் வந்துவிட்டீர்கள். டெட்டால் வாசனை அடிக்கும் பழைய வார்டு வந்தது. "ஏலம் போட்ற தொண்ட டீச்சரு இது, மூச்ச நிறுத்துன்னா நின்னுடுமா?" என்ற உங்கள் குரலும் வந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல டீச்சர். இனிப்பைக் குறைங்க, நல்லா நடங்க, எடை இறங்கினா இதுவும் இறங்கும்" என்றார். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"நீங்கதான் என்கிட்ட ஒண்ணு கேக்கல. குடிப்பீங்களான்னு."

அவர் சிரித்துவிட்டார். "உங்ககிட்டயா? அதோட, குடிக்காதவங்களுக்கும் இது சகஜமா வருது டீச்சர். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு."

அவருக்கு அது தினமும் சொல்லும் வாக்கியம். உங்களிடம் அதைச் சொல்ல அன்று ஆள் இல்லை. அது இல்லாமல் நீங்கள் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் நான் தோணிரேவுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். சனி, ஞாயிறில் அனுப்பம்பட்டில் அம்மா வீடு; மற்ற நாட்களில் உங்கள் வீட்டை ஒட்டிய அறை. நடுவில் ஒரு கீற்றுத் தடுப்புதான். நீங்கள் இரவில் இருமினால் எனக்குக் கேட்கும். நான் பக்கம் புரட்டினால் உங்களுக்குக் கேட்கும்.

அப்போது ஊரை ஒட்டிய உப்பு ஏரியின் இறாலுக்கு மெட்ராசிலிருந்து ஆள் வந்து நின்று வாங்கத் தொடங்கியிருந்தார்கள். படகுத்துறையில் உங்களுக்கென்று ஒரு மர ஸ்டூல். கூடைகள் உங்கள் காலடிக்கு வரும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏலம் விட்டு விலை ஏற்றுவீர்கள். "இன்னா நைனா, எறாவப் பாக்கறியா, எம் மூஞ்சப் பாக்கறியா? வெலயச் சொல்லு" என்று வியாபாரியைச் சீண்டினால் கரையே சிரிக்கும், விலையும் கொஞ்சம் ஏறும்.

விலை முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. வாங்கியவர் மூன்று டீ சொல்ல வேண்டும். படகுக்காரருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, ஏலம் விட்ட உங்களுக்கு ஒன்று. மூவரும் குடித்துக் கிளாசைக் கவிழ்த்தால்தான் பேச்சு முடிந்தது. யாராவது பாதியில் வைத்துவிட்டால் அந்த விலையில் அவருக்கு மனசில்லை என்று பொருள். பிறகு சண்டை வரும். டீக்கடைக்காரர் கரண்டி நிற்கும் அளவுக்குச் சர்க்கரை போடுவார். வெயில் காலத்தில் டீக்குப் பதில் கலர் சோடா. படகுக்காரர் ஒரு டீயோடு வலை உலர்த்தப் போய்விடுவார், வியாபாரி இரண்டோடு வண்டி ஏறிவிடுவார். துறைக்கு எத்தனை படகு வந்ததோ அத்தனை டீயும் உங்கள் வயிற்றுக்குள் போகும். நான் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் உங்கள் கையில் கிளாசைப் பார்த்திருக்கிறேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு சாராயக்கடைகள் மறுபடி திறந்த காலம் வந்தது. நம் படகுத்துறைக்கு எதிரிலேயே ஒன்று போட்டார்கள். இறால் விற்ற காசு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடை நின்றது. உங்கள் கணவர் குடித்தே போனவர். முப்பது வயதுக்குள் நீங்கள் பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்தவர். தினமும் மாலையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தீர்கள். முதலில் நீங்கள் மட்டும். பிறகு காந்தம்மா வந்தாள். இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரரின் மனைவி. அவள் வந்ததும் மற்ற பெண்கள் வந்தார்கள். யாரும் கத்தவில்லை. கடைக்குள் போகிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்ட்டியாப்பா? புள்ளைங்க சாப்ட்டுச்சா?" என்று கேட்பீர்கள். அவ்வளவுதான். பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள். காந்தம்மாவின் கணவரும் ஒருநாள் அப்படித் தலைகுனிந்து திரும்பினார்.

அந்தச் சமயத்தில்தான் உங்களுக்கு வலது விலாவின் கீழே ஒரு கனம், எந்நேரமும் அசதி. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். கல்லீரல் வீங்கியிருக்கிறது என்றார்கள், இரத்தம் எடுத்தார்கள், கடைசியில் விலாவுக்குள் ஊசி விட்டுக் கல்லீரலில் ஒரு நூலிழை அளவு எடுத்தார்கள். அதன்பின் வலப்பக்கமாகவே அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் கட்டில் அருகே நின்று உரக்கக் கேட்டார்.

"எவ்ளோ வருஷமா குடிக்கறே?"

"இன்னாது?"

"சாராயம். உன் கல்லீரல் குடிகாரன் கல்லீரல் மாதிரி இருக்கு."

நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள். "எம் புருசன் குடிச்சிக் குடிச்சிச் செத்தான். அந்த வாடைய மோந்துகினு குடும்பம் பண்ணவ நானு. என் வாயில அத வெப்பனா?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான்கு கட்டில் தள்ளி உறவுக்காரியைப் பார்க்க வந்திருந்த நம் ஊர்ப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் பஸ் இறங்குவதற்கு முன் செய்தி இறங்கியிருந்தது. அன்று மாலை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். கடைக்காரர் உள்ளேயிருந்து, "வா ஆயா, உள்ள வந்தே குந்து. எதுக்கு மறைவா?" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். அதைக்கூட நீங்கள் தாங்கியிருப்பீர்கள். காந்தம்மா எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள். "எம் புருசன நாலு பேர் எதிர்ல தலகுனிய வெச்சியே. ஒன் யோக்கியத இதானா?" அவள் திரும்பி நடந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். கடைக்கு எதிரில் நீங்களும் ஸ்டூலும் மட்டும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் அழவில்லை. "இனிமே நா எவனப் பாத்து, சாப்ட்டியான்னு கேக்கறது டீச்சரு?" என்று மட்டும் கேட்டீர்கள். உடம்பைப் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய் போய்விட்டதே என்பதுதான்.

சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து நம்மைக் கூப்பிட்டார். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் காத்திருந்தார். குடிக்காமலே இப்படிக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, ஏன் வருகிறது, எதனால் குறையும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் அறை வாசல் பெஞ்சில் ஒரு கோயில் குருக்கள், தையற்காரர் மனைவி, ஜவுளிக்கடைக் கணக்கர் என்று நாலைந்து பேர். ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் இதே கேள்விக்குத் தலைகுனிந்தவர்கள். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் காதில் சொன்னீர்கள்: "குந்தினுகீறவங்க எல்லாம் குடிக்காத குடிகாரங்களா டீச்சரு? ஒரு சங்கமே வெக்கலாம் போல." பல நாளுக்குப் பிறகு உங்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

டாக்டர் சொன்னார்: "நான் உங்கள நம்பறேன்மா. ஆனா நான் நம்பறது ஆராய்ச்சி ஆகாது. கூட இருக்கறவங்களையும் தனியா விசாரிப்பேன், கோவிச்சுக்காதீங்க." என்னைத் தனியே கேட்டார். பிறகு இருவரையும் உட்காரவைத்து, விடிந்தது முதல் படுப்பது வரை வாய்க்குள் போவதையெல்லாம் சொல்லச் சொன்னார். நீங்கள் சோறு, குழம்பு, கருவாடு என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். டீ என் ஞாபகத்துக்குத்தான் வந்தது. வழக்கத்தைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தே நாள் போவது, ஏறிய எடை, இரத்தத்தில் எல்லை தாண்டியிருந்த சர்க்கரை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மாத்திரை இல்ல. இதுக்குப் பேரே இன்னும் ஊர்ல பழகல. எடை மெதுவா இறங்கினா கொழுப்பும் இறங்குமான்னு பாக்கறேன். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ஊசி போட்டாதான் தெரியும். அதுல ரத்தம் கசியற ஆபத்து கொஞ்சம் இருக்கு. வேணாம்னா வேணாம், வைத்தியம் எப்படியும் பாப்பேன்" என்றார்.

நீங்கள் யோசிக்கவேயில்லை. "போடு. அந்த ஊசி எம்பேரக் கெடுத்துச்சி. இந்த ஊசி இன்னா சொல்லுதுன்னு பாத்துட்றேன்."

டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஊசி யாருக்கும் சாட்சி சொல்லாது. கொழுப்பு இருக்கா இல்லையான்னுதான் சொல்லும்."

உங்கள் முகம் வாடியது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் தடங்கல் துறையிலேயே வந்தது. டீயை மறுத்தீர்கள். "என் வெலயில ஒனக்கு மனசில்லியா?" என்று படகுக்காரர் முறைத்தார். "டீ ஏறலயாம், வேற எதுவோ பழகிடுச்சி" என்று கூட்டத்தில் ஒரு குரல். நீங்கள் ஸ்டூலை விட்டிறங்கி, சேற்றில் நடந்து, அவர் படகுக்கே போனீர்கள். ஏரிக்குப் போகிறவர்கள் குடிக்க எடுத்துப்போகும் பானை படகின் முன்முனையான அணியத்தில் இருந்தது. "ஒம்பானைத் தண்ணி ஒரு வாய் ஊத்து. அதவிட ஒசந்தது இன்னாகீது நம்பளுக்கு?" என்று கையேந்தினீர்கள். உப்புத் தண்ணீர் சூழ்ந்த ஊரில் நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமந்து வருகிறவர்கள் நாம். அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பவரிடம் யார் முறைக்க முடியும்? அவர் ஊற்றினார். வியாபாரியும் தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தார். விலை முடிந்தது.

அன்றிலிருந்து அப்படித்தான். பானை படகில் இருந்ததால் ஒவ்வொரு படகுக்கும் நீங்கள் நடந்தாக வேண்டியிருந்தது. நாளெல்லாம் கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. ஸ்டூலில் வலை உலர்ந்தது. காந்தம்மாவின் படகுகளுக்கும் போனீர்கள். உங்களோடு பேசாமலே அவள் சொம்பை எடுத்து ஊற்றுவாள்; முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆனால் ஊற்றாமல் இருந்ததில்லை.

இரண்டாவது ஊசிக்குத் துணையாக நீங்கள் அவளைத்தான் கூப்பிட்டீர்கள். "எங்கூட வா காந்தம். ஒங்கண்ணால பாரு, ஒங்காதால கேளு." வந்தாள். ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சரு, குடிக்காதவளுக்குக் குடிகாரன் ஈரல் எப்டி வரும்? நீயே சொல்லு" என்றாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஓர் உதாரணம் சொன்னேன். "பானை அடியில கரி இருக்கு. விறகு எரிச்சாலும் கரி, வறட்டி எரிச்சாலும் கரி. கரிய மட்டும் பாத்துட்டு, அடுப்புல எதைப் போட்டேன்னு சொல்ல முடியுமா?" அவள் பொன்னேரியில் தொடங்கிய யோசனையை மெட்ராஸ் வரை யோசித்தாள்.

முடிவு சொன்ன நாளிலும் அவளே கிளம்பி வந்தாள். டாக்டர் நம் மூவரையும் மைக்ராஸ்கோப் லென்ஸ் வழியாகப் பார்க்கவைத்தார். முதலில் பழைய ஊசியில் எடுத்த திசு. காந்தம்மா குனிந்து பார்த்து, "நண்டு துப்பின நுர மாதிரி கீது" என்றாள். பிறகு புதியது. ரொம்ப நேரம் பார்த்தாள். "நுர அடங்கிடுச்சி."

டாக்டரின் கண்கள் பளபளத்தன. அவர் ஆராய்ச்சியில் இரண்டாவது முறையும் திசு எடுத்துப் பார்க்க முடிந்த முதல் ஆள் நீங்கள்.

"அப்ப இவ குடிக்கலன்னு ஆயிடுச்சா?" என்று காந்தம்மா கேட்டாள்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "குடிக்கறவங்க நிறுத்தினாலும் இப்படி அடங்கலாம்மா. அதை இது சொல்லாது."

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். காந்தம்மாதான் பேசினாள்.

"அத நீ சொல்ல வாணாம்மா, நா சொல்றேன். குடிய நிறுத்தினவன் எப்டி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? எங்கூட்டுக்காரரு எத்தினி வாட்டி நிறுத்திகீறாரு. கை நடுங்கும், ராவெல்லாம் பொலம்புவாரு, கடப்பக்கமே கண்ணு போவும். இவளுக்கு நாந்தான் வருசம் முச்சூடும் தண்ணி ஊத்தனேன், பேசாமப் பாத்துகினே. கை நடுங்கல. கண்ணு ஒரு வாட்டி கூட அந்தக் கடைக்குப் போவல. டீக் கிளாசு போற பக்கம்தான் போச்சி, கொழந்த மாதிரி."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே அழுதீர்கள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மாலை கடைக்கு எதிரில் இரண்டு ஸ்டூல். மற்றவர்கள் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். "இன்னாப்பா, சாப்ட்டியா?" என்ற உங்கள் குரல் என் அறைவரை கேட்டது. சாராயக்கடைகளுக்கு அரசு விட்ட அடுத்த ஏலத்தின்போது கடை, துறையை விட்டுப் போயிற்று. ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் காசு வீடு போகும் வழியில் இல்லை. பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் உங்களைப் போன்றவர்களைப் பற்றிப் பேசியதாக அந்த டாக்டர் சொல்லியனுப்பினார். "என் ஈரலு மெட்ராஸ்ல ஏலத்துக்குப் போச்சா டீச்சரு? இன்னா வெலைக்கு முடிஞ்சிச்சி?" என்று கேட்டீர்கள். அதன்பின் நெடுங்காலம் கரையில் நடந்தீர்கள். முதுமையில் ஒரு மழைக்காலக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. கல்லீரல் அல்ல.

இப்போது என் கதையைக் கேளுங்கள். ஓய்வு பெற்றபின் எனக்கு வேலை, பழைய மாணவர்கள் வீட்டுக்குப் போவதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் டீச்சருக்கு டீ. சர்க்கரை அன்பின் அளவுக்கு. வேண்டாம் என்றால் முகம் வாடும் என்று எல்லா வீட்டிலும் குடித்தேன். உங்கள் ஸ்டூலில்தான் இத்தனை வருஷமாக நான் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா.

நேற்று பசியாவரத்தில் ஒரு மாணவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஆவி பறக்கும் கிளாசோடு வந்தாள். "டீ வேணாம்மா" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "இன்னா டீச்சர், எங்கூட்ல குடிக்க மாட்டீங்களா?"

எழுந்தேன். உள்ளே நடந்து போய்ப் பானை அருகில் நின்று கையை ஏந்தினேன். "உம் பானைத் தண்ணி ஒரு வாய் ஊத்துப்பா. அதவிட ஒசந்தது இன்னா இருக்கு?"

அவன் ஊற்றினான். குளிர்ந்திருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

"சாப்ட்டியாப்பா? புள்ளைங்க சாப்ட்டுச்சா?"