மூன்றடிக் கட்டிலும் தகரப் பெட்டியும்

அத்தை,

ஒரு ஆள் தனியாகப் படுத்துத் தூங்க எத்தனை அடி அகலம் வேண்டும்? இன்று காலை ஆசாரி என்னிடம் இதைக் கேட்டார்.

உங்கள் வேங்கைக் கட்டிலைக் கரையான் அரித்துவிட்டது. போன மாதம் ஒரு கால் உள்வாங்கி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. புதிதாக ஒன்று செய்யலாம் என்று பாலக்கோட்டிலிருந்து ஆசாரியை வரவழைத்தேன். அறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர் வூட்ல சாக்பீஸ் இருக்குமில்லீங்க?" என்று கேட்டு வாங்கி, சுவரை ஒட்டித் தரையில் கோடு போட்டார். மூன்றடி, நான்கடி, ஐந்தடி. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டில்கள். "ஒத்த ஆளுக்கு மூணே தாராளங்க. நாலுன்னா வசதி. அஞ்சு..." என்று இழுத்து நிறுத்தினார். யோசித்து வைக்கச் சொல்லிவிட்டு, நாளைக்கு வருவதாகக் கிளம்பினார்.

மதியம் உங்கள் பேத்தி பெங்களூரிலிருந்து பேசினாள். அவளுக்கு இதில் சந்தேகமே இல்லை. "சிங்கிளே போதும்மா. மிச்ச எடத்துல ஒரு டேபிள் போட்டுக்கலாம். நீங்க என்ன கட்டில்ல கபடியா ஆடப்போறீங்க?" என்றாள். சரியான பேச்சுதான். எங்கேயோ கேட்ட பேச்சாகவும் இருந்தது. போனை வைத்த பிறகுதான் அது யாருடையது என்று பிடிபட்டது. என்னுடையது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் உங்களிடம் சொன்னது.

மாமா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரிய அறையில் அந்த ஐந்தடி வேங்கைக் கட்டிலில் நீங்கள் தனியாகப் படுத்திருந்தீர்கள். சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர். பெண் ஒன்பதாவது போகிறாள், அவளுக்குப் படிக்க மேசை போட இடமில்லை. நான் டேப் வைத்து இரண்டு அறைகளையும் அளந்து, தாளில் வரைந்து உங்கள் மகனிடம் காட்டினேன். நாங்கள் பெரிய அறைக்கு, நீங்கள் சின்ன அறைக்கு. பெரிய கட்டில் சின்ன அறைக்குள் போகாது, ஆகவே உங்களுக்கு மூன்றடியில் ஓர் இரும்புக் கட்டில். அவர் தாளைப் பார்த்தார். "அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

நீங்கள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. "போடும்மா. நான் என்ன உருண்டா படுக்கறேன்" என்றீர்கள். அது கம்பைநல்லூரிலிருந்து உங்கள் சீரோடு லாரியில் வந்த கட்டில் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அதைச் சொல்லவில்லை. அதனால் நானும் எடுக்கவில்லை. நான் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். ஆய்வகத்தில் பிள்ளைகளிடம், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்பேன். அன்று காதால் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

இரும்புக் கட்டில் வந்து பத்து நாள் இருக்கும், பரணில் கிடந்த உங்கள் தகரப் பெட்டி கீழே இறங்கி அதை ஒட்டி நின்றது. பெட்டிமேல் உங்கள் பச்சைப் போர்வை மடித்துக் கிடக்கும். அதன் மேல் ரேடியோ, மாத்திரை டப்பா, கண்ணாடி, ஒரு துண்டு. அறையில் நடக்க ஓர் ஆள் வழிதான் மிச்சம். பெருக்கும்போதெல்லாம் என் கணுக்காலில் இடிக்கும். இரண்டு தடவை நானே பரணில் ஏற்றினேன். ஒரு வாரத்தில் யாரைக் கொண்டோ இறக்கிவிட்டீர்கள். போர்வையைத் துவைத்துப் பீரோவில் வைத்தால் அதுவும் திரும்பிப் பெட்டிக்கே வந்துவிடும்.

ஒரு நாள் பொறுக்காமல், "அத்தை, இது ரூமா, குடோனா?" என்று கேட்டுவிட்டேன்.

"குடோன்தான் கண்ணு. பழைய சரக்கு வேற எங்க கெடக்கும்?"

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதோடு பெட்டிப் பேச்சை விட்டுவிட்டேன். அது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் பெருந்தன்மையால் செய்ததல்ல, அலுத்துப்போய்ச் செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காபி கொண்டுவந்தேன். நீங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ரேடியோவும் மற்றவையும் தரைக்குப் போயிருந்தன. உங்கள் இடது கை பெட்டிமேல், போர்வையின் மீது, நீட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வந்தவர் சாய்வு நாற்காலியில் கை வைப்பது போல அல்ல. அந்த இடம் தன்னுடையது என்பது போல. டம்ளரை மூடி வைத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எதுவும் நினைத்ததாக நினைவில்லை.

நீங்கள் போன பிறகு இரும்புக் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள். இறந்தவர் கட்டில் வீட்டில் இருக்கக் கூடாதாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அடுத்த மூன்று வருடத்தில் உங்கள் மகனும் போனார். அதன் பிறகு இரண்டு வருடம், வேங்கைக் கட்டிலின் இடப்பக்க ஓரத்தில் நான் படுத்தேன். வலப்பக்கத்தில் விடைத்தாள் கட்டு, இஸ்திரி போட்ட சேலைகள், கண்ணாடிக்கூடு. யாரும் அதை குடோன் என்று சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை.

இப்போது ஒரு மாதமாக உங்கள் இரும்புக் கட்டிலில்தான் படுக்கிறேன். நேராகப் படுத்தால் போதுமானதாகத்தான் இருக்கிறது. ஒருக்களித்தால் முழங்கால் வெளியே நிற்கிறது. விடிந்து எழும்போது கை கீழே தொங்கி மரத்துப்போயிருக்கிறது.

சாயங்காலம் பின்கட்டுக்குப் போய் உங்கள் பெட்டியைத் தேடினேன். அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தது. டேப் வைத்தேன். ஒன்றே முக்கால் அடி அகலம். மூன்றோடு கூட்டினால் ஐந்துக்கு மூன்று அங்குலம் குறைவு. இதை வைத்து நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று சொல்ல முடியாது. மாமா இருந்த பக்கம் அது என்று எண்ணத் தோன்றுகிறது. வெறுமனே கை வலித்திருக்கலாம். நான் கேட்காமல் விட்டதை இப்போது டேப் சொல்லாது.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆசாரி ஒன்பது மணிக்கு வந்தார். ஐந்தடி என்றேன்.

"பாப்பா இங்கயே வந்துருதுங்களா?"

"இல்லைங்க. எனக்குத்தான்."

தரையில் இருந்த கோட்டை ஒரு தடவை பார்த்தார். பென்சிலால் குறித்துக்கொண்டார். பழைய கட்டிலில் தலைமாட்டுப் பலகை மட்டும் கெடாமல் இருக்கிறது, புதியதில் சேர்த்துவிடலாமா என்றார். சேர்க்கச் சொன்னேன். இருபது நாள் ஆகுமாம். பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். அப்படியானால் ஊருக்கு வரும்போது என் பக்கத்திலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வா, எடுத்து வைக்க நிறைய இருக்கிறது என்றேன்.

பிறகு மூன்றடிக் கோட்டையும் நான்கடிக் கோட்டையும் ஈரத்துணியால் துடைத்தேன். தகரப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, புதியது வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று இரும்புக் கட்டிலை ஒட்டிப் போட்டேன். கட்டிலைவிட இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. பீரோவிலிருந்து பச்சைப் போர்வையை எடுத்து நாலாக மடித்து அதன் மேல் போட்டேன். மட்டம் சரியாகிவிட்டது.